மூன்று கோடுகள் போட்ட முக்கோணம்

ஹாம்லீஸ் கடையின் முதலாளி யார் தெரியுமா? நம்ம முகேஷ் பாய்தான். 2019-ல் ரிலையன்ஸ் ரீடெய்ல், லண்டனில் 1760-லிருந்து நடக்கும் அந்தப் பொம்மைக் கடையை ஒரு சீனக் கம்பெனியிடமிருந்து ஏறக்குறைய 6.8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதற்கு முன்பே 2010-ல் லோயர் பரேலில் அதன் இந்தியக் கிளையைத் திறந்திருந்தார்கள். டோம்பிவிலியிலிருந்து குழந்தைகளை லோக்கலில் அழைத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பி வரும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விலை அப்படி.

இந்தப் பதிவு ஹாம்லீஸைப் பற்றி இல்லை. 1931-ல் அந்தக் கடை முழுகப் போனபோது அதை வாங்கிக் காப்பாற்றிய குடும்பத்தைப் பற்றி. அந்தக் குடும்பத்தின் கம்பெனி 1971-ல் தானே முழுகியது. முழுகும்போது கூடவே இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளில் ஒன்று, இன்று உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் பணம் கொட்டித் தேடும் ஒரு பொம்மைக் கார். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனால் பொம்மையைவிட அதன் பின்னால் இருக்கும் பேரேட்டைத்தான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் ஜோசப் லைன்ஸ் என்பவர் அண்ணனோடு சேர்ந்து மர ஆட்டக்குதிரை செய்து விற்றுவந்தார். அவருடைய பிள்ளைகள் மூன்று பேர் (வில்லியம், வால்டர், ஆர்தர்) 1919-ல் தனியாகப் பிரிந்து லைன்ஸ் பிரதர்ஸ் என்று ஆரம்பித்தார்கள். லைன்ஸ் என்றால் கோடுகள். மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம். அதனால் அவர்கள் பொம்மைக்கு வைத்த பெயர் 'ட்ரையாங்'. நம்மூர் மளிகைக்கடை அண்ணன் தம்பிகள் முன்னெழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைப்பார்களே, அந்த மாதிரி சமாச்சாரம்தான்.

மெர்ட்டன் என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை. மிதிகார், பொம்மை வீடு, சைக்கிள், ரயில், சின்டி பொம்மை, ஃப்ராக் என்ற விமான மாதிரிகள், ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பந்தயக் கார்கள், ஒன்றையும் விடவில்லை. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று வெளிநாட்டிலும் கடை விரித்தார்கள். உச்சத்தில் இருந்தபோது உலகத்திலேயே பெரிய பொம்மைக் கம்பெனி நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். அதை மறுத்துப் பேச ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது கதையின் இன்னொரு குடும்பம். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்று ஒரு குமாஸ்தா. தன் பையன்களுக்காக ஓட்டை போட்ட தகரப் பட்டைகள், நட்டு, போல்ட்டு வைத்து ஒரு விளையாட்டுச் சாமான் செய்து, 1901-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் மெக்கானோ. 1914-ல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் தொழிற்சாலை எழுந்தது. 1920-ல் ஹார்ன்பி ரயில் வந்தது. அந்த ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கத் தோதாக 1933-ல் சின்னச் சின்னக் கார்கள் செய்தார்கள். அடுத்த வருடம் அதற்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் வந்தது. ரயிலுக்குத் துணையாக வந்த கார் ரயிலையே தூக்கிச் சாப்பிட்டது வேறு கதை.

டிங்கி என்றால் உள்ளங்கையில் அடங்கும், ஈயம் மாதிரி கனக்கும் கார். துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. நம்ம எம்.ஐ.டி.சி. பட்டறைகளில் 'டை' என்பார்களே, அந்த அச்சுதான் இந்தத் தொழிலின் உயிர். ஒரு டை செய்யப் பெரும் செலவு. ஆனால் செய்துவிட்டால் லட்சக்கணக்கில் வார்க்கலாம், வருஷக்கணக்கில் ஓடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்பத் திரும்ப வரும்.

ஹார்ன்பி 1936-ல் காலமானார். யுத்தத்துக்குப் பிறகு ஒரு பதினைந்து வருடம் கம்பெனி நன்றாக ஓடியது. பிறகு பிளாஸ்டிக் வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஸ்வான்சீயில் கோர்கி என்று ஒரு போட்டிக் கார் வந்தது (1956, கண்ணாடி ஜன்னலோடு!), லெஸ்னியின் மேட்ச்பாக்ஸ் வந்தது. மெக்கானோ கம்பெனி தள்ளாட, 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ் அதை 7,81,000 பவுண்டுக்கு வாங்கியது. மெக்கானோ, ஹார்ன்பி, டிங்கி என்று அரை நூற்றாண்டு புகழ் அத்தனையும் சேர்த்து அந்த விலைக்குப் போனது என்றால் எவ்வளவு இக்கட்டில் இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய வீட்டில் ஏற்கெனவே ரயிலும் இருந்தது, காரும் இருந்தது. ஹார்ன்பி டப்லோ ரயில் தயாரிப்பு நின்றது. அதன் அச்சுகள் வேறொரு கம்பெனிக்குப் போயின, பெயர் மட்டும் ட்ரையாங் ரயிலோடு ஒட்டிக்கொண்டது. மறுபக்கம், லைன்ஸின் சொந்தக் குழந்தை 'ஸ்பாட் ஆன்' என்ற கார் பெல்ஃபாஸ்டில் 1959-லிருந்து வந்துகொண்டிருந்தது. டிங்கி வந்ததும் அதற்கு மங்களம் பாடிவிட்டார்கள். ஒரே வீட்டில் ஒரே வயதில் இரண்டு பிள்ளை இருந்தால் ஒருவனுக்குத்தான் புதுச் சட்டை. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, யார் வாங்கியிருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் சேகரிப்பாளர் கண்ணோட்டத்தில் பாருங்கள்: அவர் வாங்குவது காரை மட்டும் இல்லை, வரிசை எண்ணை, பெட்டியை, அடுத்த வருடக் கேட்டலாக்கை. அடுத்த எண் வரும் என்ற நம்பிக்கையைத்தான் அவர் காசு கொடுத்து வாங்குகிறார். தலைமையலுவலகத்தில் யாரோ ஒருவர் ஒரு தாளில் கோடு போட்டால் அந்த வரிசை அங்கேயே நின்றுவிடும்.

சரி, 1971-க்கு வருவோம்.

பொம்மைத் தொழிலின் கணக்கைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து போக வேண்டாம், சிவகாசி போதும். பட்டாசு ஆலைக்காரர் தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்கு வேலை ஆரம்பிக்கிறார். வருடம் முழுக்கக் கூலி, காகிதம், மருந்து, வட்டி என்று வெளியே போகிறது. பணம் உள்ளே வருவது தீபாவளியை ஒட்டிய சில வாரங்களில். ஆகஸ்ட் மாதத்தில் அவர் கோடவுன் நிறைந்திருக்கும், கல்லா காலியாக இருக்கும். மேலைநாட்டுப் பொம்மைக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ்தான் தீபாவளி. லைன்ஸ் பிரதர்ஸ் லிக்விடேட்டர் கையில் போனது எந்த மாதம் என்று நினைக்கிறீர்கள்? 1971 ஆகஸ்ட். கிறிஸ்துமஸுக்கான சரக்கில் முக்கால்வாசிச் செலவு முடிந்து, ஒரு பைசா வசூல் ஆகாத மாதம்.

வெளிநாட்டுக் கிளைகளில் நஷ்டம், ஏறிப்போன வங்கிக் கடன், அதற்கு வட்டி என்று காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்தது. கம்பெனியைத் துண்டு துண்டாக விற்றார்கள். வந்த பணத்தில் கடன்காரர்கள் எல்லோருக்கும் அசல் முழுசாகத் திரும்பக் கிடைத்தது! ஒரு பவுண்டுக்கு ஒரு பவுண்டு. மேலே கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்துக்குத்தான் சண்டை. ஸ்விஸ் ஃபிராங்கில் கடன் கொடுத்திருந்த ஒரு வங்கி, "இடைப்பட்ட காலத்தில் பவுண்டு சரிந்துவிட்டது, அந்த நஷ்டத்தையும் மிச்சத்திலிருந்து கொடு" என்று வழக்குப் போட்டது. 1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், முடியாது, கலைப்பு ஆரம்பித்த நாளின் மாற்று விகிதம்தான் செல்லும் என்று தீர்ப்பளித்தது. திவால் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் படிக்கும் வழக்கு அது.

யோசித்துப் பாருங்கள். கடனையெல்லாம் அடைத்து மிச்சமும் வைக்கும் அளவுக்குச் சொத்து இருந்த கம்பெனி, அந்த ஆகஸ்டில் கையில் ரொக்கம் இல்லாததால் செத்தது. வைத்தியர் வந்து பார்த்தபோது நோயாளியின் தலையணைக்கடியில் நகை இருந்தது, மருந்து வாங்கச் சில்லறை இல்லை என்பது போல. வால்டர் லைன்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். மறுவருடம், 1972-ல், இறந்துபோனார்.

இங்கேதான் பலர் கேட்கும் கேள்வி: தாய் நிறுவனம் விழுந்தால், லாபமோ நஷ்டமோ தன் பாட்டுக்குக் கார் வார்த்துக்கொண்டிருக்கும் துணை நிறுவனம் ஏன் விழ வேண்டும்? சட்டப்படி அது தனி ஆள் இல்லையா? சட்டப்படி தனி ஆள்தான். நடைமுறையில் கூட்டுக்குடும்பத்து மருமகள். அவள் சம்பாதிப்பது மாமியாரின் பெட்டிக்குள் போகிறது. வீட்டுக் கடனுக்கு அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் நகை ஏற்கெனவே அடகில். குழுமத்தில் இருக்கும் எல்லாக் கம்பெனிகளும் ஒன்றுக்கொன்று வங்கியிடம் ஜாமீன் நிற்பது சர்வசாதாரணம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வங்கிக் கணக்கில் இருப்பதெல்லாம் தலைமையகக் கணக்குக்குத் துடைத்து எடுக்கப்படும். காலையில் வேண்டியது கேட்டு வாங்க வேண்டும். ஒரு மாதம் கேட்டது வரவில்லை. எங்கள் ஆர்டர் புத்தகம் நிறைந்திருந்தது, சம்பளம் பதினெட்டு நாள் தாமதம்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் விழுந்தபோது அதன் லண்டன் கிளையின் ரொக்கம் நியூயார்க்கில் இருந்தது. நம்ம பொவாயில் அதற்குப் பெரிய அலுவலகம். அங்கே வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் உண்டு. ஒரு வாரக் கடைசியில் தாய் இல்லாமல் போன அலுவலகம் அது. ஜப்பானின் நொமுரா அந்த அலுவலகத்தை அப்படியே வாங்கியதால் பெரும்பாலானவர்களுக்குப் பிழைப்பு ஓடியது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவிலிக்கு வந்த குடும்பங்களில், பிள்ளை வெளிநாட்டுக் கம்பெனியின் இந்தியக் கிளையில் இருக்கிறான் என்று சொல்லாத வீடு குறைவு. அந்தக் கிளையின் பேலன்ஸ் ஷீட்டில் 'தாய் நிறுவனத்திடமிருந்து வரவேண்டியது' என்று ஒரு வரி இருக்கும். என்னைக் கேட்டால் சம்பளச் சீட்டைவிட முக்கியம் அந்த வரி.

லைன்ஸ் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு வருகிறேன். ரயில் பிள்ளையை டன்பீ-காம்பெக்ஸ்-மார்க்ஸ் என்ற குழுமம் வாங்கி 1972-ல் 'ஹார்ன்பி ரயில்வேஸ்' என்று பெயரிட்டது. ஃப்ராக் விமானங்களின் அச்சுகள் சில வருடம் கழித்து சோவியத் யூனியனுக்கே கப்பல் ஏறின. மெக்கானோவும் டிங்கியும் ஏர்ஃபிக்ஸுக்குப் போயின. பிளாஸ்டிக் விமானம் ஒட்டும் விளையாட்டு விற்ற, நல்ல லாபம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி அது.

இங்கே கதை தலைகீழாகிறது. ஏர்ஃபிக்ஸுக்கு பின்ஸ் ரோடு ஒரு சுமையாகவே இருந்தது. 1914-ல் கட்டிய கட்டடம், பழைய இயந்திரங்கள். மேட்டல் 1968-ல் விட்ட ஹாட் வீல்ஸ், காரின் சக்கரத்தையே மாற்றிவிட்டது. தள்ளினால் பறக்கும் கார் முன்னால் டிங்கி தாத்தா மாதிரி நின்றது. 1979 நவம்பர் 30, வெள்ளிக்கிழமை. பின்ஸ் ரோடு மூடப்படுகிறது என்று அன்றைக்கு அறிவித்து அன்றைக்கே மூடினார்கள். ஏறத்தாழ 900 பேருக்கு வேலை போனது, அதில் பெண்கள் நிறைய. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தொழிற்சாலைக்குள் உட்கார்ந்துகொண்டு அச்சுகளையும் சரக்கையும் வெளியே விடாமல் 1980 மார்ச் வரை மறித்து வைத்தார்கள்.

அவர்கள் மறித்தது கட்டடத்தை என்று நினைத்தால் தப்பு. அச்சு வெளியே போனால் டிங்கி வேறு எங்கு வேண்டுமானாலும் பிறக்கும், லிவர்பூலுக்குத் திரும்பாது என்று அந்தப் பட்டறைப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் போலீஸும் கோர்ட்டு உத்தரவும் வந்தன, வேறென்ன. ஏர்ஃபிக்ஸும் பிழைக்கவில்லை. 1981 ஜனவரியில் அதுவும் ரிசீவர் கைக்குப் போனது. பிள்ளையைக் காப்பாற்றத் தத்தெடுத்த இரண்டாவது தாயையும் பிள்ளை இழுத்துக்கொண்டு போனது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு முழுக்க உடன்பாடில்லை. பவுண்டின் மதிப்பு ஏறிப்போய் ஏற்றுமதி நொறுங்கிய காலம் அது. ரயில் பிள்ளையை வாங்கிய டன்பீ-காம்பெக்ஸ்-மார்க்ஸும் 1980-லேயே விழுந்திருந்தது. 1982 ஜூனில் மேட்ச்பாக்ஸின் லெஸ்னி. 1983 அக்டோபரில் கோர்கியின் தாய் நிறுவனமான மெட்டாய். ஐந்தே வருடத்தில் ஒரு தேசத்தின் பொம்மைக் கார் தொழிலே துடைத்துப் போனது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சாகவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. மெட்டாய் விழுந்து ஐந்தே மாதத்தில், 1984 மார்ச்சில், கோர்கி மேலாளர்களே கம்பெனியை வாங்கி அதே ஸ்வான்சீயில் தொடர்ந்து நடத்தினார்கள். அச்சும் ஆளும் ஒரே இடத்தில் இருந்தன, யாரும் பிரிக்கும் முன்பே கைமாற்றிவிட்டார்கள். ஹார்ன்பியும் மார்கேட் ஊரில் அச்சும் ஆளுமாகத் தனியாக எழுந்து நின்றது. 2006-ல் என்ன ஆனது பாருங்கள். ஏர்ஃபிக்ஸ் பிராண்டை அப்போது வைத்திருந்தது ஹம்ப்ரோல் என்ற கம்பெனி. அதன் அச்சுகள் பிரான்ஸில் ஹெல்லர் என்ற கம்பெனியிடம் இருந்தன, உற்பத்தி அங்கே. ஹெல்லர் விழுந்தது. அச்சு அங்கே மாட்டிக்கொண்டது. சில வாரத்தில் ஹம்ப்ரோலும் விழுந்தது. பெயர் கையில் இருந்து என்ன பிரயோசனம்? கடைசியில் இரண்டையும் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது யார்? ஹார்ன்பி! லைன்ஸ் வீட்டு அநாதைப் பிள்ளை, தன் சகோதரனைத் தத்தெடுத்த வீட்டையே விலைக்கு வாங்கியது. 2008-ல் கோர்கியையும் வாங்கியது. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம் :-)

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு, பொம்மை இல்லை, மோட்டார் சைக்கிள். 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்களைக் கொண்டுவந்து கோத்தார்கள். 1957-ல் புல்லட்டின் உற்பத்திக் கருவிகளையே விலைக்கு வாங்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே ஆனது. இங்கிலாந்தில் இருந்த தாய் 1970-71-ல் அடங்கிப்போனாள், அதாவது லைன்ஸ் விழுந்த அதே காலம். திருவொற்றியூரில் ஒரு நாள் வேலை நின்றதா என்றால் இல்லை. அச்சு இவர்களிடம், கடன் இவர்கள் பெயரில், வாங்க ராணுவமும் போலீஸும் இங்கேயே. தாயின் கடனுக்கு ஜாமீன் போடாத மகள். பிறகு அதற்கும் கஷ்டகாலம் வந்து 1994-ல் ஐஷர் கைக்குப் போனது, ஆனால் அது சொந்தக் கஷ்டம்.

டிங்கிக்கும் இந்தியாவில் ஒரு மறுபிறவி உண்டு என்பது சேகரிப்பாளர்கள் தவிர அதிகம் பேருக்குத் தெரியாது. 1960-களின் பிற்பகுதியில், லிவர்பூலுக்கு இனி வேண்டாம் என்று ஆன சில அச்சுகள் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கே அதே காரை வார்த்து 'நிக்கி டாய்ஸ்' என்று விற்றார்கள். வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். டிங்கி வேண்டுமென்றால் கப்பலில் வேலை பார்க்கும் மாமா வர வேண்டும், நிக்கி என்றால் கடையில் கிடைக்கும். வார்ப்பு கொஞ்சம் முரடு, பெயின்ட் தடிமன். இதை மட்டம் என்று முகம் சுளித்தவர்கள்தான் முன்பு அதிகம். இப்போது அதே குறைகளுக்காகவே இங்கிலாந்துக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். எம்.ஆர்.எஃப்.-பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்த ஃபன்ஸ்கூல், இங்கே வார்த்த ஜி.ஐ. ஜோ பொம்மைகளுக்கும் அமெரிக்காவில் இதே கதிதான்: அங்கே வராத வண்ணச் சேர்க்கை என்றால் தனி மவுசு.

இதில் ஒரு வேடிக்கை. 1979-க்குப் பிறகு டிங்கியின் விலை ஏற ஏற, அதில் ஒரு பென்னி கூட அதை வார்த்தவர்களுக்குப் போகவில்லை. கம்பெனி இருந்தவரை நஷ்டம், கம்பெனி செத்த பிறகு ஏலத்தில் லாபம். அந்த லாபம் யாருடைய பேரேட்டிலும் ஏறாது.

டிங்கி என்ற பெயர் கைமாறிக் கைமாறி இப்போது ஹாட் வீல்ஸ்காரரான மேட்டலிடம் இருக்கிறது. மெக்கானோ 2013-ல் கனடாவின் ஸ்பின் மாஸ்டருக்குப் போனது. பிரான்ஸில் கலே ஊரில் மிச்சமிருந்த அதன் தொழிற்சாலையை மூடப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள். ஹாம்லீஸ் நம்ம ஊரில். சோர் பஜார், மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் போகிறவர்கள் (வெள்ளிக்கிழமை அந்தக் கடைகள் அடைப்பு, போகாதீர்கள்) பழைய கனமான கார் ஏதாவது கண்ணில் பட்டால் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். கார் டிங்கி மாதிரியே இருந்து, பெயர் மட்டும் நிக்கி என்று இருந்தால், கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் விலை கேளுங்கள்.